அருணின் கேமரா

சி. ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978) படத்தை முதலில் பார்த்தபோது நான் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். மாங்காடு காமாட்சி கோயிலைச் சுற்றியுள்ள மண்டபங்களில் முகூர்த்த நாளென்றால் மூச்சுவிட நேரமிருக்காது. 'இந்தப் பக்கம் பாரும்மா, கொஞ்சம் சிரி' என்று பெண்ணை ஏவுவதுதான் தொழில். அதனாலோ என்னவோ, பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருணை (கமல்ஹாசன்) எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அவன் ஏவுவதில்லை, கேட்கிறான்.

போன மாதம் அக்காவோடு மறுபடி பார்த்தேன். பாதியில் சொன்னாள்: "தியாகுகூட பரவால்லடா. அவனுக்கு என்ன வேணும்னு தெரியுது. இவனுக்கு என்னதான் வேணும்?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நெற்றியில் விபூதியும் வாயில் பெண்களைப் பற்றிய மட்டமான பேச்சுமாகத் திரியும் தியாகுவை (ரஜினிகாந்த்) மஞ்சு ஓர் அறையோடு நிறுத்திவிடுகிறாள். அருணை என்ன செய்வது? அவளும் நம்பித்தான் எல்லாவற்றையும் சொல்கிறாள்: அம்மாவின் கதை, காதலித்தவர்கள் கைவிட்டது. அவன் ஆசைப்படுவது அவளுக்கா, அவள் கதைக்கா? அவனுக்கே தெரியாது என்றுதான் இப்போது தோன்றுகிறது. பெண் விடுதலைப் படம் என்று இதைச் சொல்லிச் சொல்லி, இது படமெடுப்பவனைப் பற்றிய படமும்கூட என்பதை மறந்துவிட்டோம்.

நல்லுசாமி, ஞானசேகரனின் கறுப்பு வெள்ளையைச் சொல்லியாக வேண்டும். தமிழ் சினிமா கலருக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நாயகி முகமென்றால் நிழலே விழக் கூடாது. இங்கே ஸ்ரீப்ரியாவின் முகம் பாதி இருட்டில் இருக்கிறது. களைப்பு தெரிகிறது, எரிச்சல் தெரிகிறது, அழகாகவும் இருக்கிறது. வில்லங்கம் அங்கேதான். அருணைப் போலவே ருத்ரய்யாவின் கேமராவும் அந்த வேதனை முகத்தை விட்டு நகர மறுக்கிறது. நானும்தான்.

வசனம் சில இடங்களில் கட்டுரை வாசிக்கிறது. வண்ணநிலவனின் பங்கு இருந்தும். அது போகட்டும். கடைசிக் கார்ப் பயணம் அதையெல்லாம் ஈடுகட்டிவிடுகிறது. அருண் கட்டிக்கொண்டு வந்த பெண்ணிடம் (சரிதா) பெண் விடுதலை பற்றி மஞ்சு கேட்கிறாள். தெரியாது என்கிறாள் அவள். ஊரெல்லாம் போய்ப் பெண்களைப் பேட்டி எடுத்தவன் பக்கத்தில் இருக்கிறான். மஞ்சு இறங்கிக்கொள்கிறாள், கார் போய்விடுகிறது.

ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வந்து கல்யாணத்துக்கு வேண்டிக்கொள்ளும் ஊர் எங்களுடையது. அக்காவும் வேண்டிக்கொண்டவள்தான். அவள் கல்யாணத்தை எடுத்தது நான். அந்தக் கேசட்டை அவள் ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. படம் முடிந்ததும் ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். "டீ போடவா?" என்று எழுந்து போனாள். விட்டுவிட்டேன்.