47 பெயர்களும் ஒரு வரியும்

வேட்டை எழுத்து என்றதும் நமக்கு ஜிம் கார்பெட்டும் கென்னத் ஆண்டர்சனும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். புலி, சிறுத்தை, துப்பாக்கி, மரத்தில் கட்டிய பரண். கார்பெட்டின் ராபினை விட்டுவிட்டால் நாய்க்கு அங்கே பெரிய இடம் கிடையாது. நாயை நடுவில் வைத்து எழுதப்பட்ட மிகப் பழைய உரைநடை நூல்களில் ஒன்று கிரேக்கத்தில் இருக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டு. செனபோன் எழுதிய 'கைனெஜெட்டிகஸ்'. அந்தத் தலைப்புச் சொல்லுக்குள்ளேயே நாய் இருக்கிறது. நாய்களை நடத்திச் செல்கிறவனின் கலை என்று விரித்துச் சொல்லலாம். செனபோன்தான் எழுதினாரா என்று, குறிப்பாக முன்னுரையைப் பற்றி, அறிஞர்களுக்குள் நெடுநாள் தகராறு உண்டு. நான் மரபுப்படி அவர் பெயரையே வைத்துக்கொள்கிறேன். கிரேக்கம் எனக்குத் தெரியாது. மார்ச்சன்ட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தவன் என்ற வரம்புக்குள் நின்றுதான் பேசுகிறேன்.

எனக்கு இந்த நூலிடம் ஒரே ஒரு கேள்வி. இளம் நாய்க்கு அவ்வளவு பொறுமையாகப் பாடம் சொல்லும் ஆசிரியர், அந்த நாய் முதன்முதலாக ஒரு பெரிய காட்டுப்பன்றியின் எதிரே நிற்கும் இடத்தில் ஏன் வாயே திறப்பதில்லை?

ஏழாம் அத்தியாயத்தை முதலில் பார்ப்போம். குட்டியைத் தாயிடமே விடு, வேறு நாயின் கீழ் போடாதே என்று ஆரம்பிக்கிறார். பெட்டையை 8 மாதத்திலும் கடுவனை 10 மாதத்திலும் வேட்டைக்குக் கூட்டிப் போகலாம். உடனே அவிழ்த்துவிடக் கூடாது. நீண்ட கயிற்றில் பிடித்தபடி, தடம் பார்க்கும் பழைய நாய்களின் பின்னால் நடத்த வேண்டும். நல்ல உடற்கட்டும் வேகமும் உள்ள குட்டியிடம்தான் அதிகக் கவனம் வேண்டும் என்கிறார். முயலைக் கண்ணால் கண்டுவிட்டால் ஆவேசத்தில் பாய்ந்து, இன்னும் இறுகாத உடம்பைக் கெடுத்துக்கொள்ளுமாம். பிடிபட்ட முயலைக் குட்டிகளுக்கே கிழிக்கக் கொடுக்க வேண்டும். சோற்றை முடிந்தவரை வேட்டைக்காரனே தன் கையால் வைக்க வேண்டும். பசித்த நேரத்தில் யார் சோறு வைக்கிறார்களோ அவர்கள்மேல்தான் நாய்க்குப் பிரியம் வரும். நாய் வளர்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு பெயர்கள். கூப்பிட வசதியாகச் சின்னப் பெயராக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு மனிதர் 47 பெயர்களை வரிசையாகக் கொடுக்கிறார்! தமிழில் சொன்னால் உயிர், ஈட்டி, காவலன், இளமை, மகிழ்ச்சி, கதிர், அறிவு என்று போகும். கடைசிப் பெயர் ஹோர்மே. உந்துவிசை, உத்வேகம் என்று பொருள். கையேடு எழுதுகிறவனுக்குப் பத்துப் பெயர் போதும். 47 பெயர் சொல்கிறவன் ஒவ்வொன்றையும் காட்டில் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருப்பான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியே பத்தாம் அத்தியாயத்துக்கு வாருங்கள். இது காட்டுப்பன்றிக்கான அத்தியாயம். இந்திய, கிரேத்த, லோக்ரிய, லக்கோனிய நாய்கள் வேண்டும் என்கிறார். 'இந்திய' என்றதும் நம்மவர்களுக்கு ராஜபாளையமும் கோம்பையும் கண்ணில் தெரியும். அவசரப்பட வேண்டாம். பாரசீகப் பேரரசு வழியாகக் கிரேக்கர்கள் அறிந்த, வடமேற்குப் பக்கத்து நாய்கள் இவை. பாபிலோனை ஆண்ட பாரசீக ஆளுநர் ஒருவரின் இந்திய நாய்களுக்குத் தீனி போடுவதற்காக நாலு ஊர்களுக்கு மற்ற வரியெல்லாம் தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஆக, இவை பெரிய இடத்து நாய்கள்.

பன்றியை எதிர்க்கத் துணிகிற பொறுக்கி எடுத்த நாய்கள்தான் வேண்டும், சாதாரண நாய் உதவாது என்கிறார் செனபோன். பழக்குவதைப் பற்றி அவ்வளவுதான். முயலிலிருந்து பன்றிக்கு ஒரு நாய் எப்படி வந்து சேர்ந்தது? நடுவில் என்ன பயிற்சி? ஒரு வரி கிடையாது.

ஆனால் மனிதனுக்கு வேண்டிய பாடம் நுணுக்கமாக இருக்கிறது. ஒரு லக்கோனிய நாயை மட்டும் அவிழ்த்துத் தடம் எடுக்க வேண்டும். பன்றி படுத்திருக்கும் இடம் தெரிந்ததும் அதையும் இழுத்து வந்து மற்ற நாய்களோடு தள்ளிக் கட்டிவிட்டு வலை போட வேண்டும். ஈட்டி கை நழுவிப் பன்றி மேலே பாய்ந்தால் குப்புற விழுந்து செடியையோ வேரையோ பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் கோரைப்பல் மேல்நோக்கி வளைந்திருப்பதால் தரையோடு கிடப்பவனைக் குத்திக் கிழிக்க முடியாது. அதற்குள் கூட்டாளி வந்து பன்றியைத் தன் பக்கம் சீண்டி இழுப்பான். கோபம் கொண்ட பன்றியின் கோரைப்பல் எவ்வளவு சூடாக இருக்கும் என்றால், குறி தப்பிய வீச்சில்கூட நாயின் முடி நுனி பொசுங்கிவிடுமாம். நம்புகிறோமோ இல்லையோ, பக்கத்தில் நின்றவனின் பயம் அதில் இருக்கிறது.

இதற்குப் பிறகு அந்த ஒரு வரி வருகிறது. இந்த வேட்டையில் நாய்கள் பல சாகும், வேட்டைக்காரர்களுக்கும் ஆபத்து உண்டு. இவ்வளவே. எந்த நாய், பெயர் என்ன? உயிரா, மகிழ்ச்சியா? சொல்லமாட்டார். ஏழாம் அத்தியாயத்தில் பெயரிட்டவர் பத்தாம் அத்தியாயத்தில் எண்ணிக்கைகூடத் தரவில்லை.

ஹோமரிடமும் இதே கதைதான். பர்னாசஸ் மலையில் இளம் ஒடிஸியஸ் தொடையில் தழும்பு வாங்கிய பன்றி வேட்டையில் முன்னால் ஓடும் நாய்களுக்குப் பெயரில்லை. பெயரோடு நிலைத்தது வாசலில் எஜமானுக்காகக் காத்துக் கிடந்த ஆர்கோஸ். அது துரத்தியதாக ஹோமர் சொல்வது காட்டாடு, மான், முயல். பன்றி அந்தப் பட்டியலில் இல்லை. பன்றிக்குப் போயிருந்தால் இருபது வருஷம் காத்திருக்க அதற்கு உயிர் இருந்திருக்குமா?

செனபோனின் மௌனத்துக்கு விடை நூலின் கடைசி அத்தியாயங்களில் இருப்பதாக நினைக்கிறேன். வேட்டை இளைஞனின் உடம்பை உறுதியாக்கும், போருக்குத் தயார் செய்யும் என்று அங்கே வாதாடுகிறார். ஆக, பன்றியின் முன்னால் பயிற்சி பெறுவது பையன்; நாய் அதற்குக் கட்டும் கட்டணம். கட்டணத்துக்குப் பெயர் வைத்தால் கணக்கு உறுத்த ஆரம்பித்துவிடும்.

அவர் சொன்னபடியே வாழ்ந்தவரும்கூட. ஒலிம்பியாவுக்குப் பக்கத்தில் ஸ்கில்லஸில் இருந்தபோது ஆர்ட்டெமிஸ் திருவிழாவுக்காக அவர் பிள்ளைகள் பன்றியும் மானும் வேட்டையாடினார்கள் என்று 'அனபாசிஸ்' நூலில் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளில் கிரில்லஸ் கி.மு. 362இல் மாண்டினியாவில் செத்துப்போனான். சேதி வந்தபோது தகப்பன் பலி கொடுத்துக்கொண்டிருந்தார், தலையில் இருந்த மாலையைக் கழற்றினார், மகன் வீரமாக விழுந்தான் என்று கேட்டதும் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டார் என்று பிற்காலத்து டயோஜெனிஸ் லேர்ட்டியஸ் சொல்கிறார். கிரில்லஸைப் புகழ்ந்து பலர் எழுதினார்களாம். அந்த மாலையைப் படித்துவிட்டுப் 'பல நாய்கள் சாகும்' என்ற வரிக்குத் திரும்பினால் அது எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. இரண்டுமே துக்கத்தை வாய்க்குள் வைத்து மென்று விழுங்குகிற ஒரே ஆளின் குணம்.

இந்தக் குறையைச் சரிசெய்தவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் அரியன், அலெக்சாந்தர் வரலாறு எழுதியவர். செனபோன் அறியாத கெல்ட்டிய வேட்டைநாய்களைப் பற்றி அதே தலைப்பில் இன்னொரு நூல் எழுதினார். அதில் தன் நாயைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. சாட்டை என்ற சொல் காதில் விழுந்தாலே அது வந்து காலடியில் பதுங்கிக் கெஞ்சுமாம், தாவிக் கழுத்தைக் கட்டிக்கொள்ளுமாம். பின்னால் வருகிறவர்களுக்காக அதன் பெயரை எழுதிவைக்கத் தயங்கமாட்டேன் என்று சொல்லி எழுதியும் வைக்கிறார்: ஹோர்மே. செனபோனின் 47இல் கடைசிப் பெயர்.

கையேடு என்ற அளவில் செனபோனின் நூலுக்கு நிகரில்லை. அரியன் அவ்வளவு கச்சிதமானவரும் இல்லை. ஆனாலும் செனபோனின் ஏழையும் பத்தையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு அரியனின் அந்த ஒரு பகுதிக்குப் போங்கள். கயிற்றில் பிடித்து நடத்திய குட்டி எங்கே போனது என்று நீங்களும் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.