பின்னாலிருந்து ஒரு தள்ளு!

எனக்கு ரியர் வீல் டிரைவ் பைத்தியம் பிடிச்சாச்சு, இனி இதுக்கு வைத்தியம் இல்லை. பிடிக்க வெச்சது சித்தூர்லேருந்து பலமநேருக்கு ஏறுற மொகிலி காட் ரோடு.

ரெண்டு வண்டி. ரெண்டுமே பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில பூட்டினது, அதனால நம்ம ஊர்ப் பிள்ளைங்கதான்! ஒண்ணு 330ஐ: 258 குதிரைத்திறன், அத்தனையும் பின்சக்கரத்துக்கு. இன்னொண்ணு 2021-ல இங்கே வந்த எம்340ஐ எக்ஸ்டிரைவ்: 387 குதிரைத்திறன், வரிசையா ஆறு சிலிண்டர், நாலு சக்கரமும் இழுக்கும், நூறைத் தொட 4.4 விநாடி. சித்தூர்ல என் மாமா பையனும் அவன் கூட்டாளியும் ஆளுக்கொண்ணு வெச்சிருக்காங்க, மகராசனுங்க. "எது வேணும் மச்சான், எடுத்துக்கோ"ன்னு சொன்னா மனுஷனுக்குத் தூக்கம் வருமா? எனக்கு வரலை.

இப்போ நீங்களும் ஏறி உட்காருங்க. விடிஞ்சும் விடியாத நேரம், 330ஐ, பங்காருபாளையம் மாந்தோப்பெல்லாம் பின்னால போயாச்சு, கண்ணாடியை இறக்கினா சிலுசிலுன்னு காத்து, அந்தப் பக்கம் தக்காளி லாரிங்க முனகிக்கிட்டே இறங்குது, இந்தப் பக்கம் மலை எழும்புது, முதல் வளைவு வருது, பிரேக்கை மெதுவா விட்டு ஸ்டியரிங்கைத் திருப்புறீங்க, முன்சக்கரத்துக்குத் திரும்புறதைத் தவிர வேற வேலையே இல்லையா, அதனால ரோட்டுல கிடக்கிற ஒவ்வொரு சரளையும் உள்ளங்கைக்கு வந்து சேதி சொல்லுது, வளைவு பாதி முடிஞ்சதும் ஆக்ஸிலரேட்டரை மெல்ல மெல்ல அழுத்துறீங்க, ஏத்தம் வேற, எடை பின்பக்கம் சாயுது, சாயச் சாயப் பின் டயர் ரோட்டைக் கவ்வுது, கவ்வினதும் ஊஞ்சல்ல உட்கார்ந்திருக்கிறவனை அண்ணன்காரன் பின்னாலேருந்து தள்ளிவிடுவானே, அப்படி ஒரு தள்ளு! ஐயோ! தனியா இருந்த வண்டிக்குள்ள "அடி சக்கை!"ன்னு கத்திட்டேன், சத்தியமா. வேகம் என்னமோ அறுபதைத் தாண்டலை. பக்கத்துலயே கவுண்டின்யா யானைக் காடு, தாண்டவும் கூடாது.

எம்340ஐ மட்டும் லேசுப்பட்டதா? ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த ஒரு சாயங்காலம் திருப்பதியிலேருந்து சித்தூருக்கு அதை ஓட்டிட்டு வந்தேன். நடுவுல இருக்கிற பல தட்டு கிளட்ச் வழக்கமா பின்சக்கரத்துக்கே சலுகை காட்டும், வழுக்குதுன்னு தெரிஞ்சா கண்ணிமைக்கிறதுக்குள்ள முன்னாலயும் பங்கு அனுப்பிடும். தண்ணி தேங்கின ரோட்டுல ஆறு சிலிண்டரும் சேர்ந்து உறும, வண்டி ஒரு துளி நெளியலை. அப்படியே மயங்கிட்டேன்! ஆனா நாலு சக்கரமும் இழுத்தா சீக்கிரம் நிக்கவும் செய்யும்னு நம்பிடாதீங்க. பிரேக் எல்லா காருக்கும் நாலு சக்கரத்துலயும்தான். நிறுத்துறது டயரோட சாமர்த்தியம்.

குறைன்னு கேட்டா, ஊருக்கு ஊர் இருக்கிற வேகத்தடையில அடிவயிறு இடிக்குமோன்னு ரெண்டு வண்டியிலயும் எனக்குத்தான் வயித்தைக் கலக்குது. அதை விடுங்க.

ஏழுமலையான் சந்நிதிக்குப் போற ரோட்டுல இந்தப் போட்டியே செல்லாது. மலையடிவாரத்து அலிபிரியிலேருந்து மேலே ஏற 28 நிமிஷம், கீழே இறங்க 40 நிமிஷம், அதுக்கு முன்னால போய்ச் சேர்ந்தா தண்டனை. 387 குதிரையும் கைகட்டிக்கிட்டுத்தான் போகணும்! 1944-ல திறந்த பழைய காட் ரோடுதான் இப்போ இறங்குற வழி. மொட்டை போட்ட குடும்பத்தையே அள்ளிப் போட்டுக்கிட்டு அந்த மலையில ஏறி இறங்கின அம்பாசிடரும் ரியர் வீல் டிரைவ்தானே! நம்ம தாத்தாக்கள் அத்தனை பேரும் பின்சக்கர வீரர்கள். அவங்களுக்குத்தான் அது தெரியாமப் போச்சு.

எதை வாங்கலாம்? மழைக்காலத்துல அடிக்கடி பெங்களூருக்கு ஓடுறவங்க, 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை ஒரே மிதியில கேக்கிறவங்க எம்340ஐ எடுங்க, அந்த விசைக்கு நாலு சக்கரம் வேணும்தான். ஆனா சித்தூர்ச் சீமையில வருஷத்துல முக்கால்வாசி நாள் காய்ஞ்ச ரோடு. எனக்குப் பின்சக்கரம்தான், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். 330ஐ எடுத்தா மிச்சமாகிற காசுல முதல்தரமான டயர் நாலு போடுங்க, விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடுங்க.