மலையுச்சியில் யார் விழுகிறார்கள்?

2019ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் சினிமா ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். மார்வெல் படங்கள் சினிமா அல்ல, கேளிக்கைப் பூங்காவுக்குத்தான் அவை நெருக்கமானவை என்று இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். அந்த ஆண்டு ஏப்ரலில் வெளியான ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ ஏறத்தாழ 280 கோடி டாலர் வசூலித்திருந்தது. ஒரு தரப்பு கலையைப் பற்றிப் பேசியது. மறுதரப்பு கூட்டத்தைக் காட்டியது. இவ்வளவு பேர் பார்ப்பதாலேயே அது நல்ல சினிமா ஆகிவிடுமா என்றார்கள் இவர்கள். இவ்வளவு பேரின் மகிழ்ச்சியை மட்டம் தட்ட நீங்கள் யார் என்றார்கள் அவர்கள்.

பெண்களின் கேள்வி இந்த இரண்டு தரப்பிலும் இல்லை. ஸ்கார்செசியின் ‘தி ஐரிஷ்மேன்’ வந்ததும் அதே ஆண்டில்தான். மூன்றரை மணி நேரம் ஓடும் அந்தப் படத்தில் நாயகனின் வளர்ந்த மகளாக வரும் அன்னா பேக்வினுக்கு விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சொற்களே வசனமாகக் கிடைத்தன. கலைப்படத்தில் பெண் பேசாமல் இருந்தாள். வசூல் படத்தில் செத்துப்போனாள். ஆகவே ‘இது சினிமாவா, இல்லையா’ என்ற சண்டையை அவர்களிடமே விட்டுவிடலாம். நாம் கேட்க வேண்டியது வேறு. இந்தப் படங்கள் தரும் மகிழ்ச்சிக்குத் திரையிலும் திரைக்கு வெளியிலும் விலை கொடுப்பவர் யார்?

மகிழ்ச்சி என்ற சொல்லை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. பேருந்தில் உரசுபவனை ஒரே தள்ளில் ஜன்னலுக்கு வெளியே அனுப்பும் பலம் தனக்கு இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒருமுறையாவது நினைத்துப் பார்க்காத பெண் இருக்க முடியாது. இருட்டில் தனியாக நடக்க, உயரத்திலிருந்து குதிக்க, அடித்தால் திருப்பி அடிக்க ஓர் உடம்பு வேண்டும் என்பது சிறுபிள்ளைத்தனமான ஆசையும் அல்ல. 1941இல் உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் உருவாக்கிய ‘வொண்டர் வுமன்’ இந்த ஆசைக்குத்தான் உருவம் கொடுத்தாள். 1968இல் காமிக்ஸ் நிறுவனம் அவளுடைய சக்திகளைப் பறித்து, துணிக்கடை நடத்தும் சாதாரணப் பெண்ணாக மாற்றியது. 1972இல் குளோரியா ஸ்டைனமும் தோழிகளும் தொடங்கிய ‘மிஸ்’ பத்திரிகை, பழைய வொண்டர் வுமனைத் தன் முதல் மாத இதழின் அட்டையில் பேருருவாக நிறுத்தியது. அடுத்த ஆண்டு காமிக்ஸில் அவளுக்குச் சக்திகள் திரும்பின. அந்தக் கதாபாத்திரத்தை அதன் உரிமையாளர்களைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர்கள் அதைப் படித்து வளர்ந்த பெண்கள்தான்.

இந்த ஆசையோடுதான் நாம் தியேட்டருக்குப் போகிறோம். அங்கே நமக்குக் கிடைத்தது என்ன என்று பார்க்க, வோர்மிர் என்ற கற்பனைக் கிரகத்தின் மலையுச்சிக்குப் போக வேண்டும்.

‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ (2018) படத்தில் வில்லன் தானோஸ் அந்த உச்சிக்கு வருகிறான். ஆன்மக் கல் வேண்டுமானால், நேசிக்கும் ஓர் உயிரைப் பலி கொடுக்க வேண்டும் என்பது அந்த இடத்தின் விதி. உடன் வந்திருப்பவள் கமோரா. அவள் சிறுமியாக இருந்தபோது அவளுடைய மக்களில் பாதிப்பேரைக் கொன்றுவிட்டு, அவளைத் தூக்கிவந்து மகள் என்று வளர்த்தவன் தானோஸ். அவனுக்கு நேசிக்க யாருமில்லை, ஆகவே தோற்றுவிட்டான் என்று அவள் சிரிக்கிறாள். பிறகு அவன் கண்ணீரைப் பார்த்ததும் அவளுக்குப் புரிகிறது. கத்தியை எடுத்துத் தன்னையே குத்திக்கொள்ளப் பார்க்கிறாள். அவன் அந்தக் கத்தியை நீர்க்குமிழிகளாக மாற்றிவிடுகிறான். தன் சாவைத் தானே முடிவு செய்யும் உரிமைகூட அவளுக்கு இல்லை. கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய் உச்சியிலிருந்து வீசுகிறான். கல் அவனுக்குக் கிடைக்கிறது.

கல் கிடைப்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. வில்லன் ஒரு பெண்ணைக் கொல்வது புதிதல்ல. அதைக் காட்டுவதாலேயே படம் அதை ஆதரிக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் இங்கே ‘அவன் அவளை உண்மையாகவே நேசித்தான்’ என்று சான்றிதழ் கொடுப்பது வில்லனின் வாய் அல்ல, அந்தப் பிரபஞ்சத்தின் விதி. கடத்தி வந்தவன், அடித்து வளர்த்தவன், சகோதரியோடு மோதவிட்டு வேடிக்கை பார்த்தவன், கடைசியில் கொன்றவன். அவன் அழுதான் என்பதால் அது அன்பு என்று கதையே ஒப்புக்கொள்கிறது. ‘அவ்வளவு பாசம் வைத்திருந்தான், அதனால்தான் அப்படிச் செய்துவிட்டான்’ என்று கொலைகாரத் தகப்பன்களுக்கும் காதலன்களுக்கும் ஊர் சொல்லும் சமாதானத்தை நாம் கேட்டிருக்கிறோம். உலகம் முழுவதும் 200 கோடி டாலருக்கு மேல் வசூலித்த ஒரு படம் அந்தச் சமாதானத்தை இயற்கை விதியாக எழுதிவைத்திருக்கிறது.

அடுத்த ஆண்டு ‘எண்ட்கேம்’ படத்தில் அதே உச்சிக்கு நடாஷா வருகிறாள். ‘பிளாக் விடோ’ என்ற பெயரில் 2010இல் ‘அயர்ன் மேன் 2’ படத்தில் அறிமுகமானவள். முதல் ஆறு அவெஞ்சர்களில் ஒரே பெண். அவளும் நண்பன் கிளின்ட்டும் ‘நான்தான் சாவேன்’ என்று ஒருவரையொருவர் தடுத்துப் போராடி, இறுதியில் அவள் விழுகிறாள். இது கமோராவின் சாவைப் போன்றதல்ல, அவளே தேர்ந்தெடுத்தது என்று ரசிகர்கள் வாதிடுவார்கள். சரிதான். ஆனால் அந்தத் தேர்வை அவள் முன்னால் எப்படி வைத்தார்கள் என்று பார்க்க வேண்டாமா?

கிளின்ட்டுக்கு மனைவியும் மூன்று குழந்தைகளும் உண்டு. நடாஷாவுக்கு இல்லை. ஏன் இல்லை என்பதை 2015இல் வந்த ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ சொல்லிவிட்டது. அவளை உளவாளியாக வளர்த்த ரஷ்யப் பயிற்சிக்கூடம் அவளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தது. அதைச் சொல்லும் அதே மூச்சில், இந்தக் குழுவில் அரக்கன் நீ மட்டுமல்ல என்று ஹல்க்காக மாறும் புரூஸிடம் சொல்லித் தன்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறாள். நான்கு ஆண்டுகள் கழித்து, பிள்ளை பெற்றவன் பிழைக்கிறான், பெற முடியாதவள் விழுகிறாள். பிள்ளையில்லாத பெண்ணின் உயிருக்கு என்ன மதிப்பு என்று நம் வீட்டு விசேஷங்களில் ஓரமாக நிற்கவைக்கப்படும் பெண்களுக்குத் தெரியும். தமிழில் இந்தப் படம் வந்தபோது நடாஷாவுக்கு ஆண்ட்ரியாவும் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் குரல் கொடுத்தார்கள். அந்தக் காட்சியைப் புரிந்துகொள்ள நம் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

அதன் பிறகு நடப்பது இன்னும் கசப்பானது. தானோஸின் அழிவுக்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகளில் தோர் குடித்துக் கிடக்கிறான், டோனி ஏரிக்கரையில் குடும்பம் நடத்துகிறான், கிளின்ட் கொலைவெறியோடு அலைகிறான். தலைமையகத்தில் உட்கார்ந்து, பிரபஞ்சத்தின் மூலைமுடுக்கில் இருப்பவர்களையெல்லாம் தொடர்பில் வைத்து, வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பவள் நடாஷா. வீடு இடிந்தபின் மிச்சத்தைக் கட்டிக்காக்கும் வேலை அது. அவள் செத்தபோது ஐந்து ஆண்கள் ஏரிக்கரையில் சிறிது நேரம் துக்கப்பட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். டோனி செத்தபோது எல்லா நாயகர்களையும் கறுப்புடையில் வரிசையாக நிறுத்தி, முகம் முகமாகக் காட்டும் இறுதிச் சடங்கு நடக்கிறது. நடாஷாவின் கல்லறையைப் பார்க்க நாம் 2021 வரை காத்திருந்தோம். அதுவும் அவளுடைய சொந்தப் படத்தில், எழுத்துகள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு வரும் துண்டுக்காட்சியில்.

இவை எழுத்தாளர்களின் தற்செயலான சறுக்கல்கள் அல்ல. 1994இல் ‘கிரீன் லாண்டர்ன்’ காமிக்ஸில் நாயகன் வீடு திரும்பும்போது அவனுடைய காதலியின் உடல் குளிர்சாதனப் பெட்டிக்குள் திணிக்கப்பட்டிருக்கும். அப்போது வாசகியாக இருந்து பின்னர் காமிக்ஸ் எழுத்தாளரான கெயில் சிமோன், நாயகனுக்குக் கோபம் வரவைப்பதற்காகவே கொல்லவும் சிதைக்கவும் பட்ட பெண் பாத்திரங்களின் பட்டியலை 1999இல் தொகுத்தார். அது நீண்ட பட்டியல். படங்கள் காமிக்ஸிலிருந்து உடையையும் கேடயத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பழக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டன.

பழக்கத்துக்குப் பின்னால் கல்லாப்பெட்டியும் இருந்தது. ‘அயர்ன் மேன் 3’ (2013) படத்தின் ஆரம்ப வடிவத்தில் வில்லன் ஒரு பெண். பெண் பொம்மை விற்காது என்று மேலிடம் கருதியதால் ஆணாக மாற்றினோம் என்று அதன் இயக்குநர் ஷேன் பிளாக் பின்னாளில் சொன்னார். ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ படத்தில் விமானத்திலிருந்து பைக்கோடு சாலையில் இறங்குபவள் நடாஷா. கடைக்கு வந்த பொம்மைப் பெட்டியில் அந்த பைக்கோடு இருந்தது கேப்டன் அமெரிக்கா. 2014இல் மார்வெலின் அன்றைய தலைவர் ஐக் பெர்ல்மட்டர் சோனி நிறுவனத்துக்கு எழுதிய ஒரு மின்னஞ்சல் பின்னர் கசிந்து வெளியானது. பெண் சூப்பர் ஹீரோ படங்கள் என்ன ஆயின என்று காட்ட அவர் அதில் ‘சூப்பர்கேர்ள்’, ‘கேட்வுமன்’, ‘எலெக்ட்ரா’ ஆகிய மூன்று தோல்விகளை எடுத்துவைத்திருந்தார். ஆண் நாயகப் படம் தோற்றால் அந்தப் படம் தோற்றதாகச் சொல்வார்கள். பெண் நாயகப் படம் தோற்றால் பெண்களே தோற்றதாக எழுதிக்கொள்வார்கள்.

2017இல் பேட்டி ஜென்கின்ஸ் இயக்கிய ‘வொண்டர் வுமன்’ 80 கோடி டாலரைத் தாண்டியது. மார்வெல் தன் 21ஆவது படத்தில்தான், 2019இல், ஒரு பெண்ணைத் தனி நாயகியாக்கியது. ‘கேப்டன் மார்வெல்’ 110 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது. உணர்ச்சியை அடக்கு, உன்னை எனக்கு நிரூபித்துக் காட்டு என்று சொல்லிக்கொண்டே இருக்கும் குருவை ஒரே அடியில் வீழ்த்திவிட்டு, உனக்கு நிரூபிக்க எனக்கு ஒன்றுமில்லை என்று அவள் நடந்துபோகும் காட்சி பல பெண்களுக்குத் தனிப்பட்ட பழிதீர்ப்பாகவே இருந்தது. அந்த மகிழ்ச்சி நியாயமானது. கூடவே, அமெரிக்க விமானப்படை அந்தப் படத்துக்கு உதவியதையும், அதை ஒட்டிப் பெண்களை ஈர்க்கும் ஆள்சேர்ப்பு விளம்பரம் வெளியிட்டதையும் மறக்க வேண்டியதில்லை. பறக்கும் பெண்ணுக்கு யாருடைய சீருடை போட்டுவிடுகிறார்கள் என்று கேட்பதும் பெண்ணியத்தின் வேலைதான்.

2023இல் அதன் தொடர்ச்சியான ‘தி மார்வெல்ஸ்’ சுமார் 20 கோடி டாலரோடு நின்று, மார்வெல் ஸ்டுடியோஸ் படங்களிலேயே குறைந்த வசூலைப் பெற்றது. பெண்கள் படம் ஓடாது என்ற பழைய பல்லவி உடனே கிளம்பியது. அதே ஆண்டில் ‘தி ஃபிளாஷ்’ படுதோல்வி அடைந்தது. ஆண்கள் படம் ஓடாது என்று யாரும் முடிவுக்கு வரவில்லை.

வேறு மாதிரி எழுதவே முடியாது என்றால் இந்தப் புகாருக்கு அர்த்தமில்லை. முடியும் என்று ‘பிளாக் பாந்தர்’ (2018) காட்டியது. அரசனின் மெய்க்காவல் படையான பெண்கள், முந்தைய காமிக்ஸில் அரசனுக்கு மனைவியாகக் காத்திருப்பவர்களாகவும் எழுதப்பட்டிருந்தார்கள். இயக்குநர் ரயான் கூக்ளர் அதைத் தூக்கி எறிந்தார். தளபதி ஒகோயே போர்க்களத்தில் தன் காதலனுக்கு எதிராக ஈட்டியோடு நிற்கிறாள். என்னைக் கொல்வாயா என்று அவன் கேட்க, நாட்டுக்காகத் தயங்காமல் என்கிறாள். மண்டியிடுபவன் அவன். அந்தப் படத்தின் உடைகளுக்காக ரூத் கார்ட்டரும் கலை வடிவமைப்புக்காக ஹன்னா பீச்லரும் ஆஸ்கர் வாங்கினார்கள். இரண்டு பிரிவுகளிலும் கறுப்பினப் பெண் ஒருவர் வென்றது அதுவே முதல்முறை. அந்தப் படத்திலும் வில்லன் தன் காதலியை ஒரு நொடியில் சுட்டுத் தள்ளிவிட்டுப் போகிறான், அவளுக்காக யாரும் நிற்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்ல படத்திலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேட் ஷார்ட்லேண்ட் இயக்கிய ‘பிளாக் விடோ’வும் (2021) ஒரு பதிலைச் சொன்னது. வளர்ப்புத் தகப்பன் மாதவிடாயைக் குத்திக்காட்டிக் கிண்டலடிக்கும்போது, நடாஷாவின் தங்கை யெலேனா தங்கள் உடம்பிலிருந்து என்னென்ன வெட்டி எடுக்கப்பட்டன என்று அவன் முகம் சுளிக்கும்வரை விவரிக்கிறாள். 2015இல் வெட்கமாகவும் குற்றவுணர்வாகவும் சொல்லப்பட்ட அதே விஷயம், இங்கே அதைச் செய்தவர்களின் குற்றமாகச் சொல்லப்படுகிறது. அப்படிப்பட்ட படம் வெளியான அதே மாதம் ஸ்கார்லெட் ஜொஹான்சன் டிஸ்னி மீது வழக்குத் தொடர்ந்தார். தியேட்டரோடு சேர்த்து இணையத்திலும் வெளியிட்டதால் தன் பங்கு குறைந்தது என்பது அவருடைய வாதம். பெருந்தொற்றுக் காலத்தில் இரக்கமில்லாத வழக்கு என்று நிறுவனம் பதில் சொன்னது, அவர் வாங்கிய 2 கோடி டாலர் சம்பளத்தையும் அம்பலப்படுத்தியது. செப்டம்பரில் சமரசம் ஆனது. கோடிகளில் சம்பாதிக்கும் நட்சத்திரத்துக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் ஒப்பந்தப்படி கூலி கேட்கும் பெண்ணை முதலில் பேராசைக்காரியாகக் காட்டும் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான்.

அப்படியானால் இந்தப் படங்கள் பெற்ற புகழ் தகுதியானதா? பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரு கதையைப் பிடித்து நடத்திய திறமைக்கும், அரங்கம் நிறைந்த மக்களை ஒரே நேரத்தில் மூச்சடக்க வைத்த நுட்பத்துக்கும் புகழ் சேரட்டும். நடாஷாவின் பெயரால் கிடைத்த அன்பில் பெரும்பகுதி படத்துக்குச் சொந்தமானதல்ல. பதினொரு ஆண்டுகள், பிறர் படங்களின் ஓரத்தில் அவளுக்குக் கிடைத்த துண்டுக் காட்சிகளை ஒட்டவைத்து ஒரு முழு மனுஷியை மனதில் உருவாக்கிக்கொண்டவர்கள் அவளுடைய ரசிகைகள். 1972இல் வொண்டர் வுமனுக்கு நடந்ததும் இதுதான். அந்த உழைப்பைப் படத்தின் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

ஆகவே இந்தப் படங்களை நேசித்ததற்காக எந்தப் பெண்ணும் வெட்கப்பட வேண்டாம். தரம் தெரியாதவர்கள் என்று கலைப்பட ரசிகர்கள் சொன்னால் பதில் சொல்லவும் வேண்டாம். அடுத்த படத்துக்குப் போகும்போது இதை மட்டும் கவனியுங்கள். அந்தப் பிரபஞ்சத்தைக் காப்பாற்ற யாரை மலையுச்சிக்கு அழைத்துப் போகிறார்கள், யார் கீழே இறங்கி வருகிறார்கள், விழுந்தவளுக்காகப் படம் எத்தனை நிமிடம் நிற்கிறது. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் நாம். கேட்கும் உரிமை நமக்கு உண்டு.