பக்கத்து இருக்கை

வால் முதலில் எழும்பியது. அடுத்த மூச்சில் சக்கரங்களின் தடதடப்பு சட்டென்று நின்றது. ஓரிகன் மாநிலத்தின் அந்தச் சின்ன ஓடுபாதை கீழே நழுவிப் போக, "பறக்குது! பறக்குது!" என்று கத்திவிட்டேன். கேட்க ஆளில்லை. பக்கத்து இருக்கை காலி.

என் வீட்டு கார் ஷெட்டில் பிறந்த விமானம் அது. பெயர் ஆர்வி-7. அதை வடிவமைத்த ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வனின் பெயரெழுத்துகள்தான் அந்த ‘ஆர்வி’. 1973இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பாகங்களைக் கொண்டு இதுவரை 11,000க்கும் மேற்பட்ட விமானங்கள் வானேறியிருக்கின்றன. இனி அந்தக் கணக்கில் எங்களுடையதும் ஒன்று!

ஏழு வருட உழைப்பு. அலுமினியத் தகடுகளில் 10,000க்கும் மேற்பட்ட ரிவெட்டுகள். நான் வெளியிலிருந்து ரிவெட் துப்பாக்கியை அழுத்த, மனைவி உள்பக்கம் கைவிட்டு இரும்புக் கட்டையால் முட்டுக் கொடுப்பாள். ஒரு ரிவெட் கோணிக்கொண்டால் துளைத்தெடுத்து மறுபடி அடிக்க வேண்டும். இரவு பதினோரு மணிக்கும், "இதையும் எடுத்துடலாங்க" என்பாள்.

அந்தப் பிடிவாதத்தின் அருமை ஆகாயத்தில்தான் புரிந்தது. ஓடுபாதைக்கு நேர் மேலேயே வட்டமடித்தேன். என்ஜின் நின்றாலும் மிதந்து இறங்கிவிடலாம். 180 குதிரைத்திறன் லைகமிங் என்ஜின் புதுசு. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு நன்றாகப் படிய அதை அதிகத் திறனில் ஓட்ட வேண்டும். சிலிண்டர் சூட்டைப் பார்த்துக்கொண்டே ஸ்டிக்கிலிருந்து மெல்லக் கையை எடுத்தேன். இறக்கைகளைப் பொருத்தியதில் ஒரு நூல் பிசகியிருந்தாலும் விமானம் ஒரு பக்கம் சாயும். சாயவில்லை! நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

பிறகு உயரத்திலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் விமானம் அதிர்ந்து, மூக்கு தாழ்ந்தது. இறக்கை தூக்குவதை நிறுத்தும் வேகம் அது. கையால் கட்டிய ஒவ்வொரு விமானத்துக்கும் அந்த எண் கொஞ்சம் மாறும். பறந்து பார்த்துத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். இறங்கும் வேகத்தை அதை வைத்தே முடிவு செய்தேன். ஸ்டிக்கை இலேசாகத் தொட்டாலே நினைத்த பக்கம் திரும்பும் இந்தச் சுகத்துக்கு ஈடே கிடையாது!

சரியாக ஒரு மணி நேரம் பறந்து இறங்கினேன். என்ஜின் மூடியைத் திறந்து பார்த்தோம். ஒரு சொட்டு ஆயில்கூடக் கசியவில்லை. மனைவி இறக்கையின் ரிவெட் வரிசையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடந்தாள். பாதி விமானம் அவளுடையது. ஆனாலும் 25 மணி நேரச் சோதனைப் பறத்தல் முடியும்வரை பயணியாக யாரையும் ஏற்றிக்கொள்ள விதியில் இடமில்லை.

"இன்னும் 24தானே?" என்றாள், காலி இருக்கையின் பெல்ட்டைத் தன் அளவுக்குச் சரிசெய்தபடி.