சாயக்குண்டுத் துப்பாக்கி: அழுத்தத்தை மறந்த வரைபடங்கள்

மரங்களுக்குச் சாயக் குறியிடப் பயன்பட்ட காற்றுத் துப்பாக்கி, 1981-ல் அமெரிக்காவில் 'பெயின்ட்பால்' விளையாட்டுக் கருவியாயிற்று. அதை மின்னணு முறையில் வீட்டிலேயே அமைக்க முனைவோரின் வரைபடங்கள் பலவற்றில் டைமர் சுற்று விரிவாக இருக்கும் (அழகாகவும் இருக்கும்!), அழுத்தச் சீராக்கிக்கு ஒரே வரிதான். இம்முறை தலைகீழானது.

வால்வு எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்பதை மட்டுமே சுற்று தீர்மானிக்கிறது. உருளையிலுள்ள திரவக் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தமோ 0 டிகிரி செல்சியஸில் சுமார் 35 பார். 20 டிகிரியில் 57. சீராக்கி இல்லையேல் காலையில் அளந்த வேகம் நண்பகலில் பொய்த்துவிடும். 3 கிராம் குண்டு, வழக்கமான வரம்பாகிய விநாடிக்கு 300 அடி வேகத்தில் சுமார் 12 ஜூல் ஆற்றல் பெறும். வேகம் பத்து சதவீதம் கூடினால் ஆற்றல் 21 சதவீதம் கூடும். எதிரே இருப்பது ஒருவரின் கண். ஆயினும் வேகமானியைப் பற்றி அவ்வரைபடங்களில் பேச்சே இல்லை.