பத்து இராகங்களும் ஓர் இயந்திரத் தாளமும்

வெளிவந்த காலத்தில் கற்பாரற்றுக் கிடந்த நூல் பிற்காலத்தே ஏற்றம் பெறுதல் இலக்கிய வரலாற்றில் புதிதன்று. இசைத்தட்டு ஒன்றுக்கும் அந்நிலை வாய்த்தது. பம்பாய்த் திரையிசைக் குழுக்களிற் கருவி வாசித்த சரண்ஜித் சிங், பத்து இந்துத்தானி இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து 1982-இல் வெளியிட்டார். அன்று அது விலைபோகவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபின் மேலைநாட்டுக் கேட்போர் பெரிதும் வியந்தனர். ஆயினும் அவர்கள் வியந்தது எதனை என்பது ஆராய்தற்குரியது.

சிகாகோ நகரத்தில் 1987-இல் வெளிவந்த ஓர் இசைத்தட்டோடு தொடங்கியதாகக் கருதப்படும் 'ஆசிட் ஹவுஸ்' என்னும் ஆடலிசைக்கு இவரே முன்னோர் என்றனர் பலர். அண்மையில் எவரோ புனைந்து பழைய ஆண்டினை இட்டனர் என ஐயுற்றாரும் உளர். இவ்விரு சாராரும் ஆண்டினையே நோக்கினர், இசையை நோக்கினாரல்லர். முன்மை வேறு, மூலம் வேறு. சிகாகோவினர் இவரைக் கேட்டனர் என்பதற்குச் சான்றில்லை. இருவரும் கையாண்டது ரோலண்டு நிறுவனத்தின் டி.பி. 303 என்னும் ஒரே கருவியை. கஞ்சமலை இரும்பைக் கொண்டு ஈரூர்க் கொல்லர் அரிவாள் வடித்தால், ஒருவரைப் பார்த்து மற்றவர் வடித்தார் என்னலாமோ?

இனி, இது உயிரற்ற இயந்திர ஒலி என இகழ்வாரும் உண்டு. அவ்விகழ்ச்சி முழுதும் பொருந்தாது. டி.பி. 303 அடித்தளச் சுரங்களை இடைவிடாது சுழற்றுகின்றது, டி.ஆர். 808 தாளம் இடுகின்றது. இராகத்தின் நடையோ ஜூப்பிட்டர் 8 என்னும் விசைப்பலகையிற் கையால் வாசிக்கப்பட்டது. சுழன்று வரும் அடித்தளமும் நம் செவிக்கு முற்றும் அயலன்று. சேலம், நாமக்கல் நாட்டுக் கோயில்களில் நாகசுரத்தோடு ஒத்து ஊதக் கேட்டவர், மாறாது நிற்கும் ஒலியைக் குறையென்று கொள்ளார். அதன்மேல் இராகம் எழுதலையே எதிர்நோக்குவர்.

அவ்வாறு எதிர்நோக்குவார்க்குப் பூபாளி நம் மோகனமாகவும், மால்கௌன்சு நம் இந்தோளமாகவும், கலாவதி நம் வலசியாகவும் இனங்காணக் கிடைக்கின்றன. டி.பி. 303-இல் ஒரு சுரத்தினின்று அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு; ஆனால் எவ்விடத்தும் அதன் கால அளவு ஒன்றே. கமகமோ இடத்திற்கேற்ப நீளும், குறுகும், சில வேளை மறுகும். ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ ஐந்து நிமிடமே ஆதலின், இராகத்தின் உருவம் தோன்றுகின்றது, வளர்ச்சி தோன்றவில்லை. எனினும், விரிந்த ஆலாபனை இல்லையே எனக் குறைகூறுதல் முறையன்று. தலைப்பிலேயே டிஸ்கோ என்று அறிவித்தவரை, அவர் மேற்கொள்ளாத பணிக்காகக் கடிதல் திறனாய்வாகாது.

தாளம் பற்றிய குறை அவ்வாறு தள்ளத்தக்கதன்று. அஃது அவரே மேற்கொண்ட பொருள். தவில்காரர் நாகசுரக்காரரின் மூச்சினை அறிவார். அவர் நிறுத்துமிடத்து ஒதுங்குவார். அவர் விரையுமிடத்துச் சொற்கட்டினைப் பெருக்குவார். டி.ஆர். 808-க்குச் செவியில்லை. சரண்ஜித் சிங் என்னும் கைதேர்ந்த கலைஞர் அதற்கு இசைந்து வாசித்தார். அஃது அவர்க்கு இசைந்து கொடுக்கவில்லை.