ஆறு இழைகள்

விண்ட்சர்ஃபிங் பார்க்க வருகிறவர்களின் கண்ணெல்லாம் அலைமேல் எகிறும் பலகையின் மீதுதான். என் கண் போவது கரையில் விரித்துக் கிடக்கும் பாயின் அடிமுனைக்கு. நான்கு மில்லிமீட்டர் கயிறு ஒன்று அங்கே ஆறு இழைகளாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், மேலும் கீழும் போய்வருகிறது. டவுன்ஹால் என்று அதற்குப் பெயர். இந்த விளையாட்டின் அழகெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பேன்.

ஹவாயில் மாவுயி தீவின் வடகரையில், கஹுலுயி விமான நிலையத்தை ஒட்டி, கனஹா கடற்கரை இருக்கிறது. வியாபாரக் காற்று வலுக்கும் வேளையில் அங்குள்ள புல்தரையில் பாய்கள் வரிசையாக விரியும். அதில் புல்தரைக்கு ஒரு பங்கு உண்டு: மணலில் விரித்தால் துகள்கள் கப்பிக்குள் புகுந்து, உருள வேண்டியதை உரச வைத்துவிடும்.

இரண்டு துண்டுகளைச் செருகிய கார்பன் பாய்மரம் பாயின் முன்விளிம்பு உறைக்குள் போகிறது. அதன் அடியில், மரத்தின் நீளத்தைக் கூட்டும் குழாயான எக்ஸ்டென்ஷன். பாயில் முன்விளிம்பின் நீளம் அச்சிடப்பட்டிருக்கும். அது 426 செ.மீ., மரம் 400 என்றால் எக்ஸ்டென்ஷனை 26-இல் பூட்ட வேண்டும். இதுவரை வெறும் கணக்கு.

பாயின் அடிமுனையில் மூன்று சிறு கப்பிகள், எக்ஸ்டென்ஷனிலும் மூன்று. முடிச்சிட்ட முனை எக்ஸ்டென்ஷனில் நிற்க, மறுமுனை பாயின் முதல் கப்பிக்கு ஏறுகிறது, கீழே இறங்குகிறது, அடுத்ததற்கு ஏறுகிறது. மூன்றாம் முறை இறங்கியதும், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளீட்டின் பற்களுக்குள் போய் நிற்கிறது. எந்தக் கப்பியில் தொடங்குவது என்பது கிளீட் இருக்கும் பக்கத்தைப் பொறுத்துச் சற்று மாறும். மாறாதது ஒன்றே: தறியில் பாவு நூல் கிடப்பதுபோல இழைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்தால் பாயை ஆறு இழைகள் சேர்ந்து இழுக்கின்றன. உராய்வில் கொஞ்சம் போனாலும் கையின் வலு பல மடங்காகிறது. அதற்குக் கூலி நீளம். பாய் பத்து சென்டிமீட்டர் இறங்க அறுபது சென்டிமீட்டர் கயிறு கைக்கு வந்தாக வேண்டும்.

ஓர் இழை மட்டும் குறுக்கே விழுந்துவிட்டால்? கயிறு கயிற்றையே அறுக்கத் தொடங்கும். அதைவிடக் கேடு, இழுக்கிறவர் ஏமாந்துபோவது. முழு வலுவையும் கொடுத்தாயிற்று, இனி அசையாது என்று நினைப்பார். அதில் பாதி குறுக்கிழையிலேயே செத்திருக்கும், பாய்க்குப் போயிருக்காது. கோர்த்து முடித்ததும் ஒரு விரலை இழைகளின் குறுக்கே ஓட்டிப் பார்ப்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிறகு இழுப்பு. வெறுங்கையால் முடியாது. தரையில் உட்கார்ந்து, மரத்தின் அடியில் காலை ஊன்றி, கயிற்றை ஒரு கைப்பிடியில் சுற்றி, முதுகு வளையாமல் பின்னால் சாய வேண்டும். மரமோ நேரானது, உறை வளைவாக வெட்டித் தைக்கப்பட்டது. இரண்டும் பொருந்த மரம்தான் வளைய வேண்டும். அது வளைய வளைய, பாயின் மேற்பகுதியில் பின்விளிம்பு இறுக்கம் விட்டுத் தளர்கிறது. எதுவரை தளர வேண்டும் என்று பல பாய்களில் குறியே இருக்கும்.

புதியவர் பார்த்தால் பாய் பாழாகிவிட்டது என்றே நினைப்பார். உச்சியில் சுருக்கம், தொய்வு. ஆனால் நான் வாய்விட்டுப் பாராட்டுவது இந்தத் தொய்வைத்தான். நீரில் திடீரென்று வலுத்த காற்று அடிக்கும்போது, தளர்ந்த உச்சி முறுக்கித் திறந்து மிகையானதை வழியவிடுகிறது. கீழ்ப்பாதி தன் வடிவத்தில் அப்படியே நிற்கிறது. ஓட்டுகிறவரின் பின்கை இழுபடுவதில்லை.

ஜிம் டிரேக்கும் ஹாய்ல் ஷ்வைட்சரும் 1968-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த விண்ட்சர்ஃபரின் பாய்க்கு இவ்வளவு இழுவை தேவைப்படவில்லை. இருவரில் டிரேக் விமானப் பொறியாளர். காற்றைத் தாங்குவதோடு, வேண்டாத காற்றை விட்டுவிடவும் தெரிந்த இன்றைய பாய் பின்வந்த பாய் வடிவமைப்பாளர்களின் உழைப்பு.

சரியாக இழுத்தாயிற்றா என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. கேம்பர் என்னும் கவ்விகள் இல்லாத பாய்களில், ஓட்டுகிறவர் பிடிக்கும் பூம் தண்டுக்குக் கீழே உள்ள பேட்டன்களின், அதாவது பாயை விறைப்பாக்கும் பட்டைகளின், முன்நுனி மரத்தின் பாதி அகலம்வரை வந்து நின்றால் நல்லது. மரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் இழுவை போதவில்லை. திருப்பும்போது பேட்டன் மறுபக்கம் புரள அடம்பிடிக்கும். பூமின் பின்முனையில், பாயைப் பின்னோக்கி இழுத்துக் கட்டும் கயிறான அவுட்ஹாலை இழுப்பது இதற்கெல்லாம் பிறகு, அதுவும் ஓரிரு சென்டிமீட்டர்தான்.

பிற்பகலில் காற்று ஏறினால் பலர் அவுட்ஹாலைத்தான் முதலில் தொடுகிறார்கள். கரைக்கு வந்து டவுன்ஹாலை இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறக்கிப் பாருங்கள். இழைகள் நேராகக் கிடந்தால் கயிறு ஆறு சென்டிமீட்டர் தடையில்லாமல் வரும்.